கோர்ட்டுப் பூட்டு

கூக்கால் ஏரியைத் தாண்டி மேலே ஏறுகிற மண்பாதையில் குருநாதன் மலைப்பூண்டு கம்பெனியின் கிடங்கு இருக்கிறது. கல் சுவர், தகரக் கூரை, ஒரே ஒரு கதவு. அந்தக் கதவுக்கு ஆடி மாதத்தில் அரக்கு முத்திரை வைத்தவள் தாரணி. மார்கழியில் அதே முத்திரையைப் பார்க்க அவளே மறுபடியும் மலையேற வேண்டியதாயிற்று.

தாரணிக்குச் சொந்த ஊர் பழனி. அடிவாரத்தில் அவள் அப்பாவுக்குப் பஞ்சாமிர்தக் கடை. மதுரையில் வக்கீலாக இருந்தாள். கம்பெனி வழக்குகளில் நிதானமானவள் என்று பேர் எடுத்திருந்தாள். அந்தப் பேரால்தான் இந்த வேலை அவளிடம் வந்தது.

குருநாதன் உயிரோடு இருக்கும்போதே கம்பெனிப் பங்குகளைப் பிள்ளைகள் இருவருக்கும் சரிபாதியாக எழுதிவைத்துவிட்டார். மகன் செல்வமுருகன் திண்டுக்கல்லில் இருந்து விற்பனையைப் பார்த்தான். மகள் விசாலாட்சி கொடைக்கானலில் இருந்து தோட்டத்தையும் கிடங்கையும் பார்த்தாள். அண்ணன் கணக்கை மறைக்கிறான் என்று தங்கையும், தங்கை சரக்கைத் திருட்டுத்தனமாக இறக்குகிறாள் என்று அண்ணனும் சென்னைத் தீர்ப்பாயத்தில் போய் நின்றார்கள். வழக்கு முடிகிற வரைக்கும் கம்பெனியின் சரக்கு, வண்டி, பதிவேடு எல்லாம் உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும், யாரும் எதையும் அசைக்கக் கூடாது என்று உத்தரவாயிற்று. நேரில் போய் அதை நிறைவேற்ற ஆணையராகத் தாரணியைப் போட்டார்கள்.

ஆடியில் அவள் வந்தபோது பெரியவர் குருநாதன் கிடங்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தலையில் குரங்குக் குல்லா, தோளில் சாம்பல் நிறச் சால்வை. உள்ளே உத்தரத்தில் விதைப்பூண்டு கொத்துக் கொத்தாகத் தொங்கியது. கீழே அடுப்பில் ஈர விறகு புகைந்துகொண்டிருந்தது. மலைப்பூண்டை அப்படிப் புகையில் தொங்கவிட்டால்தான் முளைக்காமல், அழுகாமல் நிற்கும். கிடங்கின் கடைசியில் இரும்பு பீரோவில் கம்பெனிப் பதிவேடுகள் இருந்தன.

தாரணி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள், படம் எடுத்துக்கொண்டாள். கம்பெனி ஜீப்பின் சாவியை வாங்கி உறையில் போட்டு ஒட்டி, பாதுகாப்பாக இருக்கட்டும் என்று அந்த பீரோவுக்குள்ளேயே வைத்தாள். அடுப்பை அணைக்கச் சொன்னாள். பெரியவர் அதற்கு மட்டும் வாய் திறந்தார்.

"புகை போடணுமேம்மா. நிறுத்துனா விதை வீணாப் போகும்."

"உள்ளே யாரும் போகக் கூடாதுன்னு உத்தரவுங்க ஐயா. அவசரம்னா கதவுல என் நம்பரை ஒட்டியிருக்கேன், கூப்பிடுங்க."

"உத்தரவுன்னா சரிதான்" என்றார். எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார். பூட்டின் மேல் துணி சுற்றி அரக்கை உருக்கி அவள் முத்திரை பதிப்பதைக் கண் எடுக்காமல் பார்த்தார்.

ஐப்பசி மழையில் அவர் இறந்துபோனார். நெஞ்சில் சளி கட்டி மூச்சுத் திணறல் என்று மட்டும் தாரணிக்குச் செய்தி வந்தது. அனுதாபம் தெரிவித்து இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரி வாட்ஸப் அனுப்பினாள்.

கார்த்திகை கடைசியில் விவகாரம் வேறு மாதிரித் திரும்பியது. பூட்டிக் கிடக்கும் கிடங்கின் கூரையிலிருந்து சாயங்காலங்களில் புகை வருவதாக ஊரில் பேச்சு. தங்கை ஆளை விட்டு உள்ளே பதிவேடுகளைக் கொளுத்துகிறாள் என்று அண்ணன் மனுப் போட்டான். அண்ணன்தான் கொளுத்துகிறான் என்று தங்கையும் போட்டாள். ஆணையர் இருவரையும் வைத்துக்கொண்டு முத்திரையைப் பார்த்து அறிக்கை தர வேண்டும், முத்திரை சிதையாமல் இருந்தால் மறு உத்தரவு இல்லாமல் கதவைத் திறக்கக் கூடாது என்று தீர்ப்பாயம் சொன்னது.

அன்று காலையில் பூம்பாறை வரைக்கும் வெயில் இருந்தது. கூக்காலுக்குத் திரும்பியதும் பனி இறங்கிவிட்டது. மத்தியானம்தான் ஆகியிருந்தது, ஆனாலும் கார் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் மேலே ஏற முடிந்தது. ஏரி இருக்கிற இடத்தில் வெறும் வெள்ளையாகக் கிடந்தது.

கிடங்குக்கு முன்னால் செல்வமுருகனும் விசாலாட்சியும் ஆளுக்கொரு ஓரமாக நின்றிருந்தார்கள். இருவருக்கும் நடுவே காவல்காரன் முனியனும் அவன் பெண்டாட்டி மாயக்காளும். பக்கத்தில் கொட்டகைக்குள் ஜீப் நின்றது. சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது. இரண்டு தரப்பு வக்கீல்களும் இந்தக் குளிரில் மலையேற முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

"கையெழுத்தைப் போட்டுட்டு வெரசாக் கெளம்பணும் மேடம்" என்றான் செல்வமுருகன். "பனி இன்னும் இறங்குச்சுன்னா வண்டி ஓட்ட முடியாது."

தாரணி முத்திரையைப் பார்த்தாள். அரக்கில் அவள் பதித்த எழுத்து அப்படியே இருந்தது. துணி நைந்திருந்ததே தவிர நூல் பிரியவில்லை. கட்டடத்தைச் சுற்றி வந்தாள். ஜன்னல் கிடையாது. தகரத்தில் ஆணி ஒன்றும் கழன்றிருக்கவில்லை. நாலு பக்கமும் படம் எடுத்தாள். முத்திரை சிதையவில்லை என்று எழுதி, அந்தத் தாளையும் பேனாவையும் முதலில் விசாலாட்சியிடம் நீட்டினாள்.

அப்போதுதான் உள்ளே இருமல் கேட்டது.

முனியன்தான் இருமினான் என்று தாரணி திரும்பிப் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடியும் வந்தது. அடிநெஞ்சிலிருந்து கிளம்பி, பாதியில் தடுமாறி, மூச்சுக்கு அலைகிற இருமல். கதவுக்கு ரொம்பப் பக்கத்தில், தரையை ஒட்டி.

விசாலாட்சியின் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. அவள் குனியவில்லை.

"ஆளை உள்ள விட்டு வச்சிருக்கா பாருங்க" என்றான் செல்வமுருகன். ஆனால் அவன் குரலில் கோபம் இல்லை. அவனும் ஒரு அடி பின்னால் போயிருந்தான்.

தாரணி கதவைத் தட்டினாள். "யாரு உள்ளே?"

இருமல் நின்றது. பிறகு பலகை மெல்ல முனகியது. யாரோ உள்பக்கமாகக் கதவில் முதுகைச் சாய்த்து, சரிந்து, உட்காருகிற மாதிரி. அவள் உள்ளங்கை கதவின் மேல் இருந்தது. அந்தப் பாரம் பலகை வழியாக அவள் கைக்கு வந்தது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"உள்ள போக வேற வழி இருக்கா முனியன்?"

"இல்லைங்க. எலி போகக்கூடச் சந்து வைக்கல பெரியவரு."

போனை எடுத்தாள். சிக்னல் இல்லை. சென்னையில் பதிவாளரைக் கூப்பிட்டு அனுமதி கேட்க வேண்டும். எங்கே போனால் டவர் கிடைக்கும் என்று கேட்டாள்.

"மேல அந்த வளைவுக்குப் போகணுங்க" என்று முனியன் பனிக்குள் கையைக் காட்டினான். காட்டிய கையைக் கீழே போடாமல் அப்படியே நின்றான். "அன்னைக்கும் அங்கதான் ஓடுனேன்."

"என்னைக்கு?"

மாயக்காள்தான் சொன்னாள். செல்வமுருகனையும் விசாலாட்சியையும் பார்க்காமல், தாரணியைப் பார்த்துச் சொன்னாள்.

"பெரியவரு மூச்சுக்குத் தவிச்ச அன்னைக்கும்மா. மழை ஊத்துது. பஸ்ஸு வரல. ஜீப்பு இங்கதான் கெடக்கு. இவருக்கு ஓட்டத் தெரியும். சாவி நீங்க பீரோல வச்சுப் பூட்டிட்டுப் போயிட்டீங்க. பூட்டை ஒடைப்போம்னு இவரு கடப்பாரைய எடுத்தாரு. பெரியவரு கதவுல முதுகச் சாச்சு உக்காந்துக்கிட்டாரு. கோர்ட்டுப் பூட்டு, ஒடைச்சா எம்புள்ளைக கேசுல மாட்டும், தொடாதடாங்குறாரு. சரி, அவுகளையே கேட்டுருவோம்னு இவரு வளைவுக்கு ஓடுனாரு."

"ரெண்டு பேருக்கும் போட்டேங்க" என்றான் முனியன். "சின்னய்யா, பூட்டைத் தொடாத, நான் வண்டி அனுப்புறேன்னாரு. அக்காவும் அதையேதான் சொன்னாங்க. ரெண்டு வண்டியும் பூம்பாறைகிட்ட மரம் விழுந்து நின்னுபோச்சு."

"எனக்கு ஏன் போடலை? நம்பர் ஒட்டியிருந்துச்சே."

"நானும் கேட்டேங்க. அந்தப் புள்ளை கோர்ட்டுல இருக்கும், அதைத் தொந்தரவு பண்ணாதன்னு சொல்லிட்டாரு."

தாரணி கதவைப் பார்த்தாள். அவள் ஒட்டிய தாள் மழையில் நனைந்து காய்ந்து நெளிந்திருந்தது. நம்பர் மட்டும் தெளிவாகவே தெரிந்தது. தாளுக்குக் கீழே, ஆள் உட்கார்ந்தால் தலை படுகிற உயரத்தில், பலகையில் எண்ணெய்க் கறை வட்டமாகப் படிந்திருந்தது.

"இந்தக் கதவுலயேவா?"

மாயக்காள் தலையை ஆட்டினாள். "நான்தான் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். இந்தா இப்பக் கேட்டுச்சே, இதே இருமல்தான். வெளியில இருந்து இருமுனாரு. இப்ப உள்ள இருந்து கேக்குது."

பனி கொட்டகைக்குள் புகுந்து ஜீப்பை மறைத்தது. மறுபடியும் இருமல். இந்தத் தடவை நீளமாக வந்தது, முடிவில் மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது. அடுத்த மூச்சு வருமா என்று ஐந்து பேரும் காத்திருந்தார்கள்.

தாரணி கைப்பையிலிருந்து கிடங்குப் பூட்டின் சாவியை எடுத்தாள்.

"உத்தரவு திறக்கக் கூடாதுன்னு சொல்லுது" என்றான் செல்வமுருகன். பழக்கத்தில் வந்த பேச்சு அது. "நீங்க ஒடைச்சா நான் மனுப் போட வேண்டியிருக்கும்."

"போடுங்க. உள்ள ஒரு ஆளு மூச்சு விட முடியாமக் கெடக்குறாங்க. அது ஆளா இல்லையான்னு தெரிஞ்சுக்க அனுமதி கேட்டு வளைவு வரைக்கும் போயிட்டு வர நான் தயாரா இல்ல. மிச்சத்தை அறிக்கையில எழுதிக்கிறேன்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கதவுக்குப் பின்னால் மூச்சு இழுபட்டது. "தெறங்க" என்றான். "தெறந்துருங்க மேடம்."

அரக்கைக் கல்லால் தட்டி உடைத்தாள். மழையில் துருவேறிய பூட்டில் சாவி உடனே இறங்கவில்லை. கதவைத் தள்ளும்போது பின்னால் ஆள் உட்கார்ந்திருந்தால் இடிக்குமே என்று பயந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினாள். எதிலும் இடிக்கவில்லை. கதவு முழுசாகத் திறந்தது.

உள்ளே யாரும் இல்லை.

செல்போன் வெளிச்சத்தில் தரை தெரிந்தது. ஆடியிலிருந்து படிந்த தூசி, ஒரு கால் தடம்கூட இல்லாமல், விரித்த துணி மாதிரிக் கிடந்தது. அடுப்பில் பழைய சாம்பல். தாரணி குனிந்து விரலை வைத்தாள். ஈரமாக, ஜில்லென்று இருந்தது. பீரோவில் அவள் ஒட்டிய சீட்டு அப்படியே இருந்தது. அண்ணனும் தங்கையும் அவள் பின்னாலேயே உள்ளே வந்தார்கள். முனியனும் மாயக்காளும் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டார்கள்.

விசாலாட்சி அண்ணாந்து பார்த்தாள். "மேடம், பூண்டைப் பாருங்க."

அடுப்பு அணைந்து இத்தனை மாதத்தில் அந்த விதை முளைத்து, கறுத்து, கொட்டியிருக்க வேண்டும். ஆனால் உத்தரம் முழுக்கக் கொத்துகள் இறுகி, தோல் செம்பழுப்பாகப் பளபளத்துத் தொங்கின. அவள் எட்டி ஒன்றைக் கிள்ளி முகர்ந்தாள். முகம் மாறிவிட்டது. தாரணியிடம் நீட்டினாள். நேற்றுப் போட்ட புகையின் வாசம்.

"இப்படிப் பதமாப் புகை போட எங்களுக்கு வராது" என்றாள் விசாலாட்சி மெதுவாக. "எனக்கும் வராது, அண்ணனுக்கும் வராது."

அவள் சொல்லி வாய் மூடவில்லை. இருமல் கேட்டது.

வெளியே கேட்டது. அவர்கள் சற்றுமுன் நின்ற இடத்தில், வாசல்படிக்கு அந்தப் பக்கம், தரையை ஒட்டி.

செல்வமுருகன் பாய்ந்து வெளியே ஓடினான். தாரணியும் வாசலுக்கு வந்தாள். முனியனும் மாயக்காளும் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார்கள்.

"யாரு இருமுனது?" என்றான் செல்வமுருகன்.

"உள்ளதானுங்களே கேட்டுச்சு" என்றான் முனியன்.

"வெளியில கேட்டுச்சுடா. நான் உள்ள நின்னேன், எனக்குத் தெரியாதா?"

"சின்னய்யா, நாங்க வெளியிலதான் நிக்கிறோம். உள்ளதான் கேட்டுச்சு."

செல்வமுருகன் படியைத் தாண்டி உள்ளே வந்தான். வெளியே இருமல். வெளியே போனான். உள்ளே. அவன் மறுபடியும் போனான், வந்தான். போகப்போக அவன் நடை குழந்தை நடை மாதிரித் தடுமாறியது. கடைசியில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்றுவிட்டான்.

"அவ வண்டிதான் முதல்ல வந்து சேரும்னு நெனச்சேன் மேடம்" என்றான். "கொடைக்கானல்தானே கிட்ட. அதான் நான் அவசரப்படலை."

விசாலாட்சி அழவில்லை. வாசலுக்கு நேராக வந்து நின்று, வெள்ளையாக இருந்த பனியைப் பார்த்து, வீட்டுக்கு வந்தவரைக் கூப்பிடுகிற குரலில் சொன்னாள்: "உள்ள வாங்கப்பா. கதவு தெறந்துதான் கெடக்கு."

பனிதான் உள்ளே வந்தது. அவள் கால்களைச் சுற்றிப் போய் அடுப்புப் பக்கம் தேங்கி நின்றது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு வெளியே, முன்னைவிட மெதுவாக, ஒரு இருமல். விசாலாட்சி பின்வாங்கினாள். செல்வமுருகன் நிலையை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்தான். வழக்குத் தொடங்கிய நாளிலிருந்து அவர்கள் ஒருவரை ஒருவர் தொட்டதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

தாரணி பீரோவைத் திறந்தாள். பதிவேடுகளைத் தொடவில்லை. தான் ஒட்டிய உறையை மட்டும் எடுத்துக் கிழித்து, ஜீப் சாவியை முனியனிடம் கொடுத்தாள்.

"உத்தரவுல இல்லையேங்க."

"இல்லதான். வச்சுக்கங்க. யாருக்காவது முடியலைன்னா யாரையும் கேக்காம எடுங்க."

எல்லோரும் வெளியே வந்ததும் கதவைப் பூட்டிப் புது அரக்கு வைத்தாள். அரக்கு உருகுகிற வாசத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காரில் ஏறி, பூம்பாறைக்கு வந்து வெயிலைப் பார்த்த பிறகுதான், உள்ளங்கையை இத்தனை நேரமும் புடவையில் தேய்த்துக்கொண்டே வந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது.

அறிக்கையில் ஒன்றையும் மறைக்காமல் எழுதினாள். முத்திரை சிதையவில்லை. உள்ளே மனித இருமல் கேட்டதால், உயிருக்கு ஆபத்தென்று கருதி உத்தரவை மீறித் திறந்தேன். உள்ளே யாரும் இல்லை. பதிவேடுகள் பத்திரமாக உள்ளன. சரக்கு கெடவில்லை, காரணம் எனக்குத் தெரியவில்லை. வாகனச் சாவியை நானே வெளியே கொடுத்தேன்.

சென்னையில் அதைப் படித்தபோது இரண்டு வக்கீல்களும் முதல் தடவையாக ஒரே பக்கம் நின்றார்கள். இருமலைச் சொல்லும் பத்தியை நீக்க வேண்டும் என்று கேட்டார்கள். தீர்ப்பாய உறுப்பினர் கண்ணாடிக்கு மேலே தாரணியைப் பார்த்தார்.

"நீங்க கேட்டீங்களா?"

"கேட்டேன் சார்."

அவர் கட்சிக்காரர்களைப் பார்த்தார். செல்வமுருகன் தலையைக் குனிந்துகொண்டான். விசாலாட்சி எழுந்து, "அது எங்கப்பா சார்" என்றாள்.

தாரணியை ஆணையர் பொறுப்பிலிருந்து விடுவித்தார்கள். உத்தரவை மீறியதற்குக் கண்டனம் ஒன்று பதிவாயிற்று. ஆனால் அதே நாளில், மருத்துவ அவசரத்துக்குக் கம்பெனி வண்டியை எடுக்கலாம் என்றும், விதை கெடாமல் புகை போட ஆள் உள்ளே போகலாம் என்றும் பழைய உத்தரவைத் திருத்தினார்கள். அவளுக்குப் பதிலாக அகிலன் என்ற மூத்த வக்கீலைப் போட்டார்கள். அசாதாரணமாக எதுவும் இல்லை என்று அவர் அரைப் பக்கத்தில் அறிக்கை கொடுத்தார். பிறகு ஒருநாள் மதுரை கோர்ட்டு கேன்டீனில் தாரணிக்கு எதிரே டீயோடு வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் வேறு எதையோ பேசிவிட்டு, எழுந்திருக்கும்போது சொன்னார்: "நான் படியைத் தாண்டலம்மா. ஒரு காலை உள்ள வச்சேன். முதுகுக்குப் பின்னால யாரோ மூச்சு வாங்குனாங்க. அப்படியே நின்னு எழுதிட்டு வந்துட்டேன்."

வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் மாசிக் கடைசியில், அண்ணனும் தங்கையும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட ஒரு மனு தீர்ப்பாயத்துக்கு வந்தது. அவர்கள் சேர்ந்து கேட்ட ஒரே விஷயம் அதுதான். கிடங்கின் கதவைக் கழற்ற அனுமதி வேண்டும். கதவும் கம்பெனியின் சொத்து, உத்தரவில்லாமல் அசைக்க முடியாது. எதற்கு என்று உறுப்பினர் கேட்டார். மனுதாரர்களின் மன அமைதிக்காக என்று இரண்டு வக்கீல்களும் சொன்னார்கள். பதிவேடுகளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, கதவை அழிக்காமல் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது.

கீலைச் செல்வமுருகனே கழற்றினான் என்று மாயக்காள் போனில் சொன்னாள். விசாலாட்சி அடியில் தாங்கிப் பிடித்துக்கொண்டாளாம். அன்றிலிருந்து கிடங்கு பக்கம் சத்தம் இல்லை. சாயங்காலமானால் முனியன் போய் அடுப்பு மூட்டுகிறான். இப்போது வருகிற புகை அவன் போடுகிற புகைதான், கண்ணை எரிக்கிறது.

"கதவை எங்க வச்சிருக்காங்க?" என்று தாரணி கேட்டாள்.

"ஜீப்புக் கொட்டகையிலம்மா. முதல்ல செவுத்துல சாச்சு வச்சாங்க. அப்பறம் அவருக்குச் சரிப்படலைன்னு தரையில படுக்கப் போட்டுட்டாங்க." பின்னால் காற்று அடிக்கிற சத்தம் கேட்டது. வளைவில் நின்று பேசுகிறாள் போலிருக்கிறது. "மேல ஒருத்தரும் காலை வைக்கிறது இல்ல. நான் மட்டும் வெள்ளனே போயி அந்தப் பக்கம் கூட்டுவேன். கூட்டும்போது கதவு லேசா ஏறி ஏறி எறங்கும்மா, தூங்குற ஆளு நெஞ்சு மாதிரி. பயமா ஒண்ணும் இல்ல. மூச்சு இப்ப சீரா வருது."

மாயக்காள் அடுப்பு சோலி இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்தாள்.